புத்தகம் தாமதமாகும்

மனாமா, பஹ்ரைன்
12 ஆகஸ்ட் 2014

அன்புள்ள அக்காவுக்கு டிஜோ எழுதுவது.

சூட்டைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள்? மாமியை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சுகர் பார்த்தாயா?

லீவில் வரும் ஜேசுதாஸ் அண்ணன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய். குளிர்பதனக் கிடங்கில் மீன்பெட்டி எண்ணிய நேரம் போக, மிச்ச நேரத்தில் நாலு வருடமாக ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். சென்னையில் மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் கடல் கதை விற்காது என்றார். மூன்றாமவர் செலவை நானே ஏற்றால் அச்சடிப்பதாகச் சொன்னார். அதற்கு நானே போட்டுக்கொள்ளலாமே! அதனால் வாசிக்க விருப்பமுள்ளவர்களிடமே முன்கூட்டிப் பணம் வாங்கி அச்சடிக்கப் போகிறேன் என்று பேஸ்புக்கில் அறிவித்துவிட்டேன். பணம் தருகிறவர்களுக்கு ஒரு பிரதி, புத்தகத்தின் கடைசியில் அவர்கள் தரும் பெயர், மாதம் ஒரு செய்தி. கிறிஸ்துமஸுக்குள் புத்தகம் கைக்கு வரும் என்று வாக்கும் கொடுத்தாயிற்று.

நம் ஊரில் பாதிப் பேருக்குப் பேஸ்புக் கிடையாது. நீ அன்பிய ஜெபக் கூட்டத்தில் சொல்வாயா? முகம் தெரியாதவர்களெல்லாம் என்னை நம்புகிறார்கள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
டிஜோ


சேசு மரி சூசை துணை
5 செப்டம்பர் 2014

அன்புத் தம்பி டிஜோவுக்கு அக்கா இசபெல் எழுதுவது.

நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் உனக்கு இரண்டே பதில்தான்: ‘சுகந்தான்’, ‘வச்சிரட்டா’. பேப்பரில் இவ்வளவு பேசுகிறாயே, இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தாய்? இனி எனக்குக் கடிதமே போடு. போனில் பேசினால் மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது மக்கா. ஆனால் கதை என்னவென்று ஒரு வரி எழுதவில்லை. காதலா, கொலையா?

மாமிக்குச் சுகர் கொஞ்சம் கூடுதல். ஆனால் நடைக்குக் குறைவில்லை. மாதம் பிறந்தால் பஸ் ஸ்டாப்பில் ஷம்னாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போய் உன் அத்தானின் நம்பருக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு வருவாள். “எனக்க மோனுக்க நம்பர் போயிரப்பிடாது. எங்க இருந்தாலும் அதுலதானே விளிப்பான்” என்கிறாள். அவர் ஓட்டிப்போன மீன்பிடிப் போட்டு கடலில் காணாமல் போய் நாலு வருடம். அதில் போன மற்ற மூன்று பேர் வீட்டிலும் துணிமணியைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்து பூசையும் முடித்துவிட்டார்கள். நம் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. மாமி தாங்கமாட்டாள். அதனால் நானும் வாயைத் திறப்பதில்லை.

அன்பியத்தில் சொல்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா இசபெல்


சேசு மரி சூசை துணை
6 அக்டோபர் 2014

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

பங்குச் சாமிகூட இவ்வளவு வேகமாக வசூல் செய்ததில்லை. புத்தகத்தில் பெயர் போடுவாயென்று சொன்னதும் பெண்கள் வீடு தேடி வந்து பெயர் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பணத்தை உன் கணக்கில் போட்டாயிற்று. முத்துநாயகத்தின் வீட்டில் முதலில் கொடுத்தார்கள். கடைசியாக வந்தது ஏசுஅடிமையின் பெயர்.

நீ அனுப்பும் செய்தியை ஷம்னா அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டுகிறாள். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கு வாசித்தும் காட்டுகிறாள். ஊரில் நீ பெரிய ஆள்தான் போ.

கதை என்னவென்று இந்தத் தடவையும் எழுதவில்லையே?

அக்கா இசபெல்


மனாமா
24 அக்டோபர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாமிக்குச் சுகர் இறங்கியதா?

பட்டியல் வந்தது. வாசித்து அழுதுவிட்டேன். ஊர் என்னை மறந்திருக்கும் என்று நினைத்தேன். இந்த மாதச் செய்தியில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக நன்றி எழுதியிருக்கிறேன். ஷம்னாவுக்குக் கிடைத்திருக்கும். உனக்கும் ஒரு நகல்:

‘ஆதரவாளர்களுக்கு மூன்றாவது செய்தி. பிழைதிருத்தம் நடக்கிறது. என் ஊர் மக்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். முத்துநாயகம் ஐயா, இந்த வயதிலும் ஒரு சின்னப் பையனின் எழுத்தை நம்பினீர்களே, நீங்கள் நீண்டநாள் சுகமாக இருக்க வேண்டும். முதல் பிரதியை உங்கள் கையிலேயே தருவேன். ஏசுஅடிமை அண்ணன் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியவில்லை. முகவரி அனுப்பினால் தபால் செலவு என்னுடையது.’

சரியாக இருக்கிறதா? பட்டியலில் உன் பெயரும் மாமியின் பெயரும் இல்லையே. நானே சேர்த்துக்கொள்ளட்டுமா?

கதையைப் பற்றி நேரில் சொல்கிறேன். உடம்பைக் கவனி.

டிஜோ


சேசு மரி சூசை துணை
9 நவம்பர் 2014

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். ஆனால் நாலு நாளாகச் சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

ஏலே, பதினொரு வருடம் வெளியில் இருந்தால் இப்படியா மறந்துபோகும்? நவம்பர் வந்தால் நம் ஊரில் காணிக்கையோடு எந்தப் பெயரைக் கொடுப்பார்கள்? கல்லறைத் திருநாளுக்குச் செத்தவர்கள் பெயரைத்தானே கொடுப்பார்கள்! அக்டோபரில் வந்து, பணம் கொடுத்தால் பெயர் போடுவோம் என்றால் வேறு யார் பெயரைக் கொடுப்பார்கள்? உயிரோடு இருக்கிறவனுக்குப் பெயர் எதற்கு, கூப்பிட்டால் ஏன் என்று கேட்கப்போகிறான். நீயும் அதைத்தான் கேட்கிறாய் என்று நானும் நினைத்துவிட்டேன். முத்துநாயகம் ஐயா நீ பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டார். ஏசுஅடிமை அண்ணனுக்கு முகவரி வேண்டுமானால் கல்லறைத் தோட்டம், தெற்கு வரிசை.

சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தேன். நடந்தது வேறு. முத்துநாயகம் ஐயாவின் மனைவி சுவரில் ஒட்டியதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். “உயிரோட இருக்கியப்போ அந்த மனுசனுக்கிட்ட ஒருத்தனும் சொகமா இருங்கன்னு சொன்னதில்ல. இப்பவாவது சொன்னானே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இன்னும் பெயர்கள் வந்தன. நேசபாய் வந்து, உன் அத்தானின் போட்டில் போனவர்களில் சின்னவனான அவள் மகன் சத்தியராஜின் பெயரைக் கொடுத்தாள். அந்தப் போட்டில் போன மற்ற இரண்டு பேர் வீட்டிலிருந்தும் கொடுத்துவிட்டார்கள்.

ஊரில் நல்ல மழை. மாமி கருவாட்டை உள்ளே எடுத்து வைத்ததில் வீடே நாறுகிறது.

என் பெயரையும் மாமியின் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். நாங்கள் கொஞ்ச நாள் உயிரோடு இருந்துகொள்கிறோம். நீ குளிரில் கம்பளி இல்லாமல் திரியாதே.

அக்கா இசபெல்


மனாமா
28 நவம்பர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும். உனக்கும் மாமிக்கும் உடம்பு சுகம்தானே?

உன் கடிதத்தை வாசித்து நானும் சிரித்தேன். நேசபாய் அக்காவின் பெயர் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நீ ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதைப் போய்க் கேட்ட என்னை எதால் அடிக்கலாம்?

இனியும் மறைத்தால் நான் மனிதன் இல்லை. நாவல் அந்தப் போட்டைப் பற்றியது. அத்தானைப் பற்றியது. அவர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் அவர் சாகிறார். உன்னிடம் கேட்காமல் எழுதிவிட்டேன், கேட்க தைரியம் இல்லை.

இப்போது கடைசிப் பக்கங்களை இரண்டாகப் பிரிக்கிறேன். ஆதரித்தோர் ஒரு பக்கம், நினைவில் உள்ளோர் ஒரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் அந்தப் போட்டில் போன நாலு பேரில் மூன்று பேர் இருப்பார்கள். ஊர் முழுவதும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து பார்க்கும். அத்தான் பெயரைப் போட்டால் நானே அவரைக் கொன்றதாகும். போடாவிட்டால் நாவலில் கொன்றுவிட்டு இங்கே உயிரோடு வைத்திருக்கிறேன் என்பார்கள். மாமிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது, எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

டிஜோ


மனாமா
12 ஜனவரி 2015

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? கிறிஸ்துமஸும் புத்தாண்டும் போய்விட்டன, உன் கடிதம் வரவில்லை. போன் செய்தால் ‘சுகந்தான்’ என்கிறாய், உடனே ‘வச்சிரட்டா’ என்கிறாய். என் பதில்களை எனக்கே திருப்பித் தருகிறாய்.

இங்கே ஆதரவாளர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். டிசம்பரில் மாதச் செய்திக்குப் பதில், காகிதம் வரவில்லை என்று பேஸ்புக்கில் ஒரு பொய் எழுதினேன். புத்தாண்டுக்கு அச்சகத்தில் எந்திரம் பழுது என்று இன்னொரு பொய். ஒருவர், இதுவும் சீட்டுக் கம்பெனி மாதிரிதானா என்று எல்லோரும் பார்க்கக் கேட்டுவிட்டார். நாவல் உண்மையில் இருக்கிறது என்று காட்டுவதற்காக ஐந்தாவது செய்தியோடு ஒரு அத்தியாயத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். இருப்பதில் நன்றாக வந்த அத்தியாயம் எதுவோ அதையே எடுத்தேன். அனுப்பிய பிறகுதான் ஷம்னாவின் கடைச் சுவர் ஞாபகம் வந்தது.

அவளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஒட்டியிருந்தால் கிழித்துவிடச் சொல். தயவுசெய்து மாமியை அந்தப் பக்கம் விடாதே.

டிஜோ


மனாமா
3 பிப்ரவரி 2015

அக்கா,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. திட்டியாவது நாலு வரி எழுது. இரண்டு வாரமாக நீ போனையும் எடுப்பதில்லை. ஜேசுதாஸ் அண்ணனிடம் ஊரில் விசாரிக்கச் சொன்னேன். வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம்?

டிஜோ


சேசு மரி சூசை துணை
2 மார்ச் 2015

அன்புத் தம்பி டிஜோவுக்கு,

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். உனக்குச் சுகம்தானே?

உன் நவம்பர்க் கடிதம் வந்த அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் கருகிவிடும். யாரைக் கேட்டு எழுதினாய்? நான் நாலு வருடம் வாயில் வராமல் காத்த சொல்லை நீ அச்சில் ஏற்றி ஊருக்கு விற்கப்போகிறாய் என்றுதான் தோன்றியது. பதில் எழுதினால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்றுதான் எழுதவில்லை. மாமியிடமும் சொல்லவில்லை. ஜனவரியில் வந்த உன் கடிதத்தைப் பிரிக்கவும் இல்லை.

பிப்ரவரி ஒன்றாம் தேதி மாமி வழக்கம்போல ரீசார்ஜுக்குப் போனாள். அவளுக்குக் கண் சரியில்லை என்று நானும் கூடப் போனேன். ஷம்னா ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் நேசபாயோடு நாலைந்து பேர். உன் ஐந்தாவது செய்தி மெயிலில் வந்து கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாளாம். எங்களைக் கண்டதும் நிறுத்தினாள். “டிஜோ எழுதினதா? வாசி பிள்ளே” என்று மாமி உட்கார்ந்துவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

ஷம்னா முழுவதும் வாசித்தாள். போட்டு கவிழ்கிறது. ஒரு காலி டீசல் கேன்தான் மிதக்கிறது. டிரைவர் அதைச் சின்னப் பையனிடம் தள்ளிவிடுகிறான். ‘மாதாவே, என் மனைவியை உம்மிடம் ஒப்படைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு முங்கிப்போகிறான். பையன் கேனைப் பிடித்துக் கரை சேருகிறான். அது யாரென்று அங்கே இருந்த ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. “கதையில எனக்க பிள்ள பொழச்சிட்டானா?” என்று நேசபாய் கேட்டாள், ஷம்னா தலையாட்டினாள். நேசபாய் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமி அழவில்லை. எழுந்து நேராக வீட்டுக்கு நடந்தாள். ரீசார்ஜ் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். “உனக்க தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. எனக்க மோன் கேனைக் கொடுத்திருக்க மாட்டான். சின்னதுல ஒரு பந்தக்கூட ஒருத்தனுக்கும் கொடுக்காத பயலாக்கும்.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “கொடுத்திருப்பாரு மாமி. உங்களுக்கு உங்க மோனைத் தெரியாது. எனக்குத் தெரியும்” என்றேன்.

“பெத்தவ நானா நீயா?”

“கூட இருந்தது நான்.”

டிஜோ, இரண்டு பேரும் சண்டை பிடித்தோம். சாகும்போது அவர் என்ன செய்திருப்பார் என்று சண்டை! மாதாவை விளித்திருக்க மாட்டார் என்பதில் மட்டும் எங்களுக்கு ஒரே பேச்சு. அந்த எஞ்சினைக் கெட்ட வார்த்தை சொல்லாமல் அவர் ஸ்டார்ட் செய்ததே கிடையாது, கடைசியிலும் அதைத்தான் சொல்லியிருப்பார். என்னை மாதாவிடம் ஒப்படைத்தாராம்! மூன்று வாரம் கடலுக்குப் போகும்போதுகூட என்னைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போகாத மனிதர். ஆனால் கேன் விஷயத்தில் மாமி விடவில்லை. எனக்க மோன் கொடுக்க மாட்டான், கொடுக்கவே மாட்டான், நெஞ்சோடு பிடித்து வைத்திருப்பான் என்று கத்தினாள். நானும் கத்தினேன்.

“கேனை வச்சிருந்தா வந்திருப்பாருல்லா மாமி!”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

மாமி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “அப்ப கொடுத்துட்டான்” என்றாள். பிறகு, “கொடுத்துட்டான் எனக்க மோன்” என்று சொல்லி வாய்விட்டு அழுதாள். நானும் அவள் மடியில் விழுந்து அழுதேன். நாலு வருடத்தில் அதுதான் முதல் அழுகை. அவள் தாங்கமாட்டாள் என்று நான் அடக்கி வைத்திருந்தேன். நான் தாங்கமாட்டேன் என்றுதான் அவளும் மாதாமாதம் அந்தக் கடைக்கு நடந்திருக்கிறாள். இதை அன்றைக்குத்தான் சொன்னாள்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைக்குப் பஸ்ஸெல்லாம் போய்விட்டதால் இதைத் தபாலில் போட நடந்துதான் போக வேண்டும். ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா இசபெல்


மனாமா
14 மார்ச் 2015

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கில் நின்றபடியே வாசித்தேன். மேஸ்திரி வந்து என்னவென்று கேட்டார், பெட்டிக் கணக்கு என்று சொல்லி மடித்துவிட்டேன். மாமி சாப்பிடுகிறாளா? உனக்கு உறக்கம் வருகிறதா?

நான் முடிவு செய்துவிட்டேன். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன். அது இல்லாமல் நாவல் நிற்காது, அதனால் நாவலும் வேண்டாம். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆதரவாளர்களுக்கு எழுத உட்கார்ந்தேன். என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. பொய் சொல்லிச் சொல்லி இப்போது உண்மையை எப்படி எழுதுவது என்றே மறந்துவிட்டது. என்னை மன்னித்துவிடுங்கள், நீயும் மாமியும்.

டிஜோ


சேசு மரி சூசை துணை
26 மார்ச் 2015

அன்புத் தம்பி டிஜோவுக்கு,

மாமி சாப்பிடுகிறாள். நானும் உறங்குகிறேன். நீ உன் உடம்பைப் பார்.

கிறுக்குத்தனம் பண்ணாதே. அத்தியாயம் இருக்கட்டும். அந்த ‘மாதாவே’யை மட்டும் எடுத்துவிடு, பங்குச் சாமியே வாசித்தால் சிரிப்பார். கேனை எடுக்காதே. அதை எடுத்தால் மாமி உன்னை வீட்டுக்குள் விடமாட்டாள். ஊரில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் எனக்க மோன் கேனைக் கொடுத்துட்டானாக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கதைதானே மாமி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஈஸ்டர் கழிந்து பூசைக்குச் சொல்லியிருக்கிறோம். கல்யாணச் சட்டையையும் வேட்டியையும் பெட்டியில் வைக்கிறோம். பெட்டியின் தலைப்பக்கம் நீ தூக்க வேண்டும் என்கிறாள் மாமி. அவளுக்கு வேறு ஆண்பிள்ளை இல்லை. புத்தகம் கிடக்கட்டும், நீ லீவு போட்டு வா. எனக்கும் நீ வேண்டும்.

ஆதரவாளர்களுக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாய். நானே எழுதிவிட்டேன். ஷம்னா தட்டச்சு செய்து தந்தாள். சுவரில் ஒட்டியாயிற்று. நீ இதை அப்படியே உன் ஆட்களுக்கு அனுப்பு, ஒரு எழுத்தையும் மாற்றாதே.

அக்கா இசபெல்

‘ஆதரவாளர்களுக்கு ஆறாவது செய்தி. எழுதுவது டிஜோவின் அக்கா இசபெல். நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காகிதம் இருக்கிறது, எந்திரமும் ஓடுகிறது. ஆனாலும் புத்தகம் ஒரு மாதம் தாமதமாகும். டிஜோ ஊருக்கு வருகிறான். எங்கள் வீட்டில் ஒரு சாவு. என் கணவர் ததேயுஸ் கடலில் இறந்துவிட்டார். அடக்கப் பூசை ஏப்ரல் பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை. வர முடிந்தவர்கள் வாருங்கள்.’